ஒன்பதாவது வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, ஆபீஸ்காரர்களிடம் கொஞ்சம் தன்மையாகப் பேசியிருக்கலாமே என்று எனக்கு உபதேசம் பண்ண வேண்டாம். தன்மையாகத்தான் ஆரம்பித்தேன். முதல் ஆறு மாதம் தேன் ஒழுகப் பேசினேன். ஆவணக் காப்பகத்தின் இரண்டாம் மாடியில், நான்காம் எண் கவுன்டருக்கு முன்னால் நின்று, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார், தயவுசெஞ்சு" என்று நான் குழைந்ததை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் யாரோ வேறு பெண் என்று நினைத்திருப்பார்.

நான் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறேன். இருபத்தாறு வருடமாக ரத்தம் எடுப்பது, கண்ணாடிக் குழாயில் பெயர் ஒட்டுவது, மறுநாள் காலையில் ஜன்னல் வழியாக ரிப்போர்ட்டை நீட்டுவது. அரை மணி நேரம் தாமதமானால் போதும், ஜனங்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். "எங்க ரத்தம், எங்க ரிப்போர்ட். கொடுக்கறதுக்கு உங்களுக்கு என்ன வலிக்குது?" என்பார்கள். கேட்பது நியாயம்தான், அதனால் அவர்களிடம் மட்டும் நான் பதிலுக்குக் கத்துவதில்லை. என் அப்பாவுக்கு வரவேண்டிய ரிப்போர்ட் ஒன்று நாற்பத்து மூன்று வருடம் தாமதம். அவர் எந்த ஜன்னலிலும் போய்க் கத்தியதில்லை.

அப்பா அப்போது மேல் நீர்த்தேக்கத்தில் மதகு இயக்குபவர். கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். ஒருவர் மதகைத் திறப்பவர். இன்னொருவர் அதற்கு முன் அபாயச் சங்கை ஒலிக்கச் செய்பவர். சங்கு இருந்தது ஆற்றங்கரையில், இரண்டு கிலோமீட்டர் கீழே ஒரு கோபுரத்தின் உச்சியில். சுவிட்ச் மட்டும் இங்கே, அறைக்குள். சுவிட்சை அழுத்திப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, ஆற்றில் இருப்பவர்கள் கரையேறிய பிறகுதான் மதகைத் திறக்க வேண்டும். விதி அவ்வளவுதான், சின்ன விதி.

அப்பாவின் ஷிப்டில் சங்குக்குப் பொறுப்பானவர் அவருடைய சிநேகிதர். நான் அவரைச் சங்கு மாமா என்பேன். நாங்கள் இன்றைக்கும் இருக்கும் இந்த வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி அவர் வீடு. விடுமுறையானால் ஒன்று அவர் எங்கள் வீட்டில் இருப்பார், இல்லாவிட்டால் அப்பா அங்கே இருப்பார். அம்மாவும், மாமாவின் மனைவியான அத்தையும், "இந்த ரெண்டு பேருக்கும் நம்ம ரெண்டு பேரைக் கட்டி வெச்சதுக்குப் பதிலா இவங்களையே ஒரு வீட்ல குடி வெச்சிருக்கலாம்" என்று கேலி பண்ணுவார்கள்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு மழைநாளின் பிற்பகலில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் வந்தது. தண்ணீர் மட்டம் ஏறுகிறது, மூன்று மதகையும் திறக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மாமா சுவிட்சை அழுத்தினார். கெட்டிச் சுவரும் மழைச் சத்தமும் சேர்ந்து, அறைக்குள் சங்குச் சத்தம் எப்போதுமே கேட்காது. மாமா கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு திறந்தார்.

கீழே ஆற்றுப் படித்துறையில் இருந்த ஒன்பது பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. சங்கு ஒலிக்கவேயில்லை என்று சிலர் சொன்னார்கள். ஒலித்தது, ஆனால் ஒலித்த உடனேயே தண்ணீர் வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விசாரணை முடிவு அறிவிக்கப்படும்வரை இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இருவருக்கும் வேலை போனது. காரணம் எதுவும் போடவில்லை. "தங்கள் பணி இனித் தேவைப்படவில்லை" என்று ஒற்றை வரிக் கடிதம். நீர்த்தேக்கம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி அறிக்கையில் ரகசியம் என்று முத்திரை குத்திப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

இதில்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. முடிவு அறிவிக்கப்படும்வரை பேசக் கூடாது என்றார்கள். முடிவை அறிவிக்கவேயில்லை. அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டும் என்று ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை. முதல் இரண்டு வருடம் அப்பாவும் மாமாவும் பயத்தில் பேசவில்லை. அப்புறம் பழகிப்போய்ப் பேசவில்லை. அதற்கும் அப்புறம் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் நிஜமாகவே சுவிட்சை அழுத்தினானா, சும்மா விரலைத் தூக்கிக் காட்டினானா என்று அப்பா யோசிக்க ஆரம்பித்தார். நான் பார்த்தது பதினைந்து நிமிடமா, பத்தா என்று தன்னையும் கேட்டுக்கொண்டார். தண்ணீர் பம்பு ரிப்பேர் கடை வைத்து, எங்களை வளர்த்து, என்னைப் படிக்கவைத்து, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, இதற்கெல்லாம் நடுவில் இந்த இரண்டு கேள்வியையும் மென்றுகொண்டே இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், நாற்பது ஆண்டு முடிந்த ரகசியக் கோப்புகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்று பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. அப்பா அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாப்பா, இது நம்மளுதும் வருமா?" என்றார்.

எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பாப்பாதான்.

"வரும்ப்பா. ஒரு மாசத்துல வாங்கித் தர்றேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் விண்ணப்பத்துக்குப் பதில் வர ஐந்து மாதம். "நீங்கள் கோரும் விபத்து குறித்து எங்களிடம் கோப்பு எதுவும் இல்லை." நேரில் போய் விசாரித்தால், அவர்கள் பட்டியலில் விபத்து என்ற சொல்லே கிடையாதாம். அவர்கள் அதை 'நிகழ்வு' என்று பதிந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் செத்தது நிகழ்வு. சரி, நிகழ்வு என்று எழுதி இரண்டாவது விண்ணப்பம் போட்டேன். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. எட்டு மாதம் கழித்து நானே போனேன்.

நான்காம் எண் கவுன்டரில் இருப்பவர் முப்பத்தைந்து வயது ஆள். நல்ல மாதிரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் அதை இன்னொரு காகிதத்தோடு சேர்த்து ஸ்டாப்ளர் அடித்துவிடுவார். ஒரு தடவை என் டோக்கனையும் அடுத்தவர் டோக்கனையும் சேர்த்து அடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் ஸ்டாப்ளர்.

"மேடம், நல்ல செய்தி. உங்க கோப்பு ரகசியப் பட்டியல்லருந்து நீங்கிடுச்சு" என்றார் ஸ்டாப்ளர்.

"ரொம்ப சந்தோஷம். கொடுங்க."

"அது வேற, இது வேற மேடம். ரகசியத்தை நீக்கறது ஒரு பிரிவு. பொதுமக்கள் பார்க்க அனுமதி கொடுக்கறது இன்னொரு பிரிவு. அங்கருந்து இன்னும் வரல."

"அப்போ இப்ப இது ரகசியமும் இல்ல, பார்க்கவும் முடியாது. அப்படித்தானே?"

"ஆமாங்க. இடைநிலைன்னு சொல்லுவோம்."

"அந்தப் பிரிவு எங்க இருக்கு?"

"இதே மாடிதான். அதோ, அந்த ரூம்."

"நடந்தா பத்து அடிகூட இருக்காது. கோப்பு அங்க போய்ச் சேர எட்டு மாசமா?"

"கோப்பு நடக்காதே மேடம்" என்றார் அவர். கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே விளக்கம் சொன்னார். "தபால்ல கீழ போகும், பதிவாகும், திரும்ப மேல வரும்."

அன்று நான் போட்ட சத்தத்தில் காவலாளி வந்துவிட்டார். அவரும் பாவம், என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "என் வீட்டுப் பட்டா விஷயமும் இப்படித்தாம்மா நிக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் சங்கு மாமா இறந்துபோனார். பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். அப்பா சட்டையை எடுத்து மாட்டினார். பித்தான் போட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை மடித்து வைத்துவிட்டார்.

"போய்ட்டு வரலாம்ப்பா. நானும் வர்றேன்" என்றேன்.

"என்னன்னு போறது? அவன் பண்ணியிருந்தா நான் போகக் கூடாது. நான் பண்ணியிருந்தா என் முகத்தை அவன் பொண்டாட்டி பார்க்கக் கூடாது. தெரியாம எப்படிப் போறது?"

நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் கழித்து, நாலு கடிதமும் ஒரு மேல்முறையீடும் போட்ட பின், கோப்பின் நகல் வந்தது. அறுபத்து நாலு பக்கம். நானும் அப்பாவும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் காயவிட்டு உட்கார்ந்தோம். அப்பா கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். முதல் பக்கத்தைத் திருப்பினேன். கறுப்பு. இரண்டாம் பக்கம், கறுப்பு. ஐம்பது பக்கத்துக்கு மேல் முழுக் கறுப்பு. ஜெராக்ஸ் மிஷின் மை தீர்ந்து செத்திருக்கும். மற்ற பக்கங்களில் வரிகள் இருந்தன, ஆனால் பெயர் வரவேண்டிய இடம், பதவி வரவேண்டிய இடம், நேரம் வரவேண்டிய இடம் எல்லாம் கறுப்புப் பட்டை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு ரப்பர் முத்திரை: "தனிநபர் பெயர்கள் அவர்களின் நலன் கருதி மறைக்கப்பட்டுள்ளன."

யாருடைய நலன்? என் அப்பாவின் நலனாம். அவர் பெயரை அவரிடமிருந்தே மறைத்து அவர் நலத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

உருப்படியாக இருந்தது அறுபத்தோராம் பக்கம் மட்டும்தான். முடிவுரை. அதில் இரண்டு வரி.

ஒன்பதாவது வரி: "இந்த உயிரிழப்புகளுக்கான முழுப் பொறுப்பும்", அப்புறம் ஒரு கறுப்புப் பட்டை, "மீதே சாரும்."

பதினான்காவது வரி: ஒரு கறுப்புப் பட்டை, "தமக்கு விதிக்கப்பட்ட கடமையைச் சரிவரச் செய்துள்ளார்; அவர்மீது குற்றம் காண இடமில்லை."

அப்பா விரலை ஒன்பதாவது வரியில் வைத்தார். பிறகு பதினான்குக்கு நகர்த்தினார். மறுபடி ஒன்பதுக்கு வந்தார். நான் ஸ்கேல் எடுத்துக்கொண்டு வந்து பட்டைகளை அளந்தேன். அப்பா பெயர் நீளம், மாமா பெயர் சின்னது. அளந்தால் தெரிந்துவிடும் என்று எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனம். எல்லாப் பட்டையும் சரியாக நாலு சென்டிமீட்டர்.

"முன்னாடியெல்லாம் பேரோட நீளத்துக்குத்தான் அடிச்சோம் மேடம்" என்றார் ஸ்டாப்ளர், மறுநாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ஜனங்க அளந்து பார்த்துக் கண்டுபிடிச்சிட்டாங்க. அதனால இப்ப எல்லாத்துக்கும் ஒரே சைஸ்."

"எங்கப்பா பேரு அதுல எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்க என்ன வழி?"

"அதுக்குப் படிவம் பன்னெண்டு இருக்கு. மறைக்கப்பட்ட பேரு தன்னோடதுதான்னு அந்த நபரே கேட்டா, அவருக்கு மட்டும் திறந்து காட்டலாம். அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

படிவத்தைப் படித்தேன். மூன்றாவது கட்டம்: "தங்கள் பெயர் இடம்பெற்றுள்ள பக்கம் மற்றும் வரி எண்." அதற்குக் கீழே பொடி எழுத்தில்: "ஒருவர் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வரிக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம்."

"எந்த வரின்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்? கறுப்பால்ல இருக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்கப்பா பேரு எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா மேடம்?"

அந்த ஸ்டாப்ளரைப் பிடுங்கி எங்கேயாவது அடித்துவிடலாம் போல இருந்தது. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு பண்ணிவிட்டேன். பதினான்காவது வரிதான். அது அப்பா பெயராக இருந்தால், 'குற்றம் காண இடமில்லை' என்று அரசாங்க முத்திரையோடு காகிதம் கிடைக்கும். அதைப் பெரிதாக நகல் எடுத்து, எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஒவ்வொருவர் முகத்திலும் நீட்டுவேன். பெரியப்பா வீட்டுக்காரர்கள் என் கல்யாணத்துக்கே வரவில்லை. முதல் நகல் அவர்களுக்கு.

"பதினாலுப்பா. மறந்துடாதீங்க. பக்கம் அறுபத்தொண்ணு, வரி பதினாலு" என்று மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி ஏற்றினேன். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவர் தலையாட்டுவதை வைத்து எதையும் முடிவு பண்ணக் கூடாது என்று அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

காப்பகத்தில் லிப்ட் ரிப்பேர். எண்பத்தோரு வயதில் அப்பா இரண்டு மாடி ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். ஸ்டாப்ளர் தன் நாற்காலியையே எடுத்துக்கொண்டு வெளியே வந்து அப்பாவை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு அவரைப் பிடித்தது.

"ஐயா, இந்த இடத்துல பக்கம், இந்த இடத்துல வரி. நிதானமா எழுதுங்க. அடிச்சுத் திருத்தினா செல்லாது."

அப்பா பேனாவை வாங்கினார். பக்கம் 61 என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் 9 என்று எழுதினார்.

"அப்பா!"

நான் கத்திய கத்தலில் ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"என்னப்பா பண்றீங்க? பதினாலுன்னு எத்தனை தடவை சொன்னேன்? அது குத்தம் சாட்டுற வரிப்பா! நீங்களே போய் அது என் பேருன்னு எழுதிக் கொடுக்கறீங்களே!"

"கத்தாத பாப்பா. உட்காரு."

"உட்கார இடம் இல்ல. இருந்த ஒரு நாற்காலியிலயும் நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

ஸ்டாப்ளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்பா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"பதினாலு என் பேரு இல்லன்னு வந்தா என்ன அர்த்தம்? ஒண்ணும் தெரியாது. அது அவன் பேரா இருக்கலாம், எங்க மேலதிகாரி பேரா இருக்கலாம். ஒன்பது என் பேரு இல்லன்னு வந்தா, நான் இல்லன்னு அர்த்தம். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அப்போ கையில என்ன கிடைக்கும்? 'உங்க விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது'ன்னு ஒரு காகிதம். அதை யார்கிட்டப்பா காட்டறது?"

"யார்கிட்டயும் காட்ட வேணாம். நான் நல்லவன்னு எனக்கு சர்டிபிகேட் வேணாம், பாப்பா. அந்த ஒன்பது பேரை நான் கொன்னேனா இல்லையான்னு தெரியணும். சாகறதுக்கு முன்னாடி தெரியணும்."

அவர் குரல் உயரவில்லை. கவுன்டரில் இருந்த ஸ்டாப்ளர் ஸ்டாப்ளரைக் கீழே வைத்தார்.

"அது உங்க பேராவே இருந்துட்டா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இருந்தா இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை. மூன்று வருடம் படி ஏறி இறங்கி, லேபில் லீவு எல்லாம் தீர்ந்து, கெஞ்சி, சண்டை போட்டுக் கொண்டுவந்த ஒரே ஒரு வாய்ப்பை இந்த மனிதர் ஒரு எண்ணில் தொலைத்துவிட்டார் என்று பொருமினேன். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டை வைக்கும்போது கொஞ்சம் ஓங்கியே வைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி வைத்தார்.

ஏழு வாரம் காத்திருந்தோம். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாக நான் அனுப்பியதையெல்லாம் தள்ளினார்களே, இதையும் தள்ளட்டும். இதை ஏற்றுக்கொண்டு தொலைத்துவிடப் போகிறார்களே என்று பயம். லேபில் ஒரு குழாயில் வேறொருவர் பெயரை ஒட்டப் பார்த்தேன். இருபத்தாறு வருடத்தில் நடக்காதது. கூட வேலை செய்யும் பெண் பார்த்துத் தடுத்தாள்.

கடிதம் ஒரு விடுமுறை நாள் முற்பகலில் வந்தது. அப்பா பிரிக்கவில்லை. என்னிடம் நீட்டிவிட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் முதல் வரியை மட்டும் முதலில் தேடினேன்.

"நிராகரிச்சிட்டாங்கப்பா!" என்று கத்தினேன். அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்து, ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பார்த்தார்.

"முழுசாப் படி" என்றார் அப்பா.

காரணம் சொல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. விதி என்றால் அவர்களுக்கு உயிர். அதனால் காரணம் எழுதியிருந்தார்கள். நான் உரக்கப் படித்தேன்.

"பக்கம் 61, வரி 9-இல் மறைக்கப்பட்டிருப்பது தனிநபர் எவருடைய பெயரும் அன்று. அது ஓர் அலுவலகத்தின் பெயர். படிவம் 12 தனிநபர் பெயர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இம்முடிவு இறுதியானது."

மறுபடி படித்தேன். எனக்குப் புரிய நேரமானது. முழுப் பொறுப்பும் அலுவலகத்தின் மீதே சாரும். சங்குக்குப் போகும் கம்பி அறுந்து கிடந்ததோ, கோபுரம் பழுதோ, புகார் போயும் யாரும் வந்து பார்க்கவில்லையோ, அதெல்லாம் அந்த ஐம்பது கறுப்புப் பக்கத்துக்குள் இருக்கிறது. ஆனால் எழுதியவர்களுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரிந்துதான் பெட்டியைப் பூட்டினார்கள். நாற்பது வருடம் கழித்துத் திறந்து, தங்கள் பெயரின்மேல் பட்டை ஒட்டி, கீழே தனிநபர் நலன் என்று முத்திரையும் குத்தினார்கள். எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். என் வீட்டுக்காரர் போய் ஜன்னலைச் சாத்தினார்.

அப்பா திட்டவில்லை. காகிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தார்.

"எவருடைய பெயரும் அன்று" என்றார். "அப்போ நான் இல்ல."

"நீங்க இல்லப்பா."

"நான் பதினஞ்சு நிமிஷம் நின்னேன்."

"நின்னீங்கப்பா."

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

"எவருடைய பெயரும் இல்லன்னா, அவனும் இல்ல" என்றார். "அவன் அழுத்தினான் பாப்பா. அவன் நிஜமாவே அழுத்தியிருக்கான்."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அம்மா போனபோதுகூட. அன்று குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். இந்த முறை பித்தானைக் கழற்றவில்லை.

நாலு தெரு. நடந்தே போனோம். நாற்பத்து மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் வீட்டை நான் காட்ட வேண்டியிருக்கவில்லை, எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

அத்தைதான் கதவைத் திறந்தார். உடம்பு பாதியாக இருந்தது. கையில் துவைத்துப் பிழிந்த துணி. அப்பாவை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. தெரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அப்பா வாசலில் நின்றபடியே, அந்த நிராகரிப்புக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவருக்குப் படித்துக்காட்டினார். தேதி, எண், அனுப்புநர், எல்லாம்.

"புரியலண்ணா" என்றார் அத்தை.

"அவன் மேலயும் தப்பு இல்லம்மா, என் மேலயும் இல்ல. அவன் சங்கை அழுத்தியிருக்கான். நான்தான் நம்பல."

அத்தை துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

"அவரு கடைசி வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு" என்றார். "ஆஸ்பத்திரியில நினைவு தப்பறதுக்கு முன்னாடிகூடக் கேட்டாரு. 'அவன் பதினஞ்சு நிமிஷம் நின்னானா'ன்னு. நான் எங்க போய்க் கேக்கறது?"

"நின்னேன்மா" என்றார் அப்பா. "நின்னேன்."

அத்தை காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மேலே இருந்த தேதியை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கடையில் ஒரு சாமான் ஏன் இல்லை என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஏம்மா, இது அவங்ககிட்ட அப்பவே இருந்துச்சுல்ல? ரெண்டு வருஷம் முன்னாடி கொடுத்திருக்கக் கூடாதா?"

நான்காம் எண் கவுன்டரில் எத்தனையோ முறை நான் கேட்ட கேள்வி இது. அங்கே கேட்டபோதெல்லாம் எனக்குக் குரல் இருந்தது. இங்கே அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.